மஞ்சள் பூசின கல்லும் என் பேர் இல்லாத பலகையும்

1

நம்ம ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ‘ஜப்பானில் என் வாழ்க்கை’ என்று ரெண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மாப்ள போன் போட்டார். ரெண்டு பக்கத்தில் அடங்குகிற வாழ்க்கையை நான் வாழவில்லை. நீளும். வெட்டாமல் போடவும்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இந்த வீரணன், ஒத்தை ஆளாக நின்று என்னென்ன கட்டினான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி நடிக்காமல் இருக்கட்டும்.

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போகிற ரோட்டில் பாதியைப் போட்டது நான். ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற தாரை வாளியில் அள்ளி ஊற்றின கால் இது. அடுத்து, மதுரை ஆனையூரில் புரோட்டாக் கடை அடுப்பு. முதலாளி மூணு பேர் மாறிவிட்டார்கள், அடுப்பு மாறவில்லை. அதற்கப்புறம் ஜப்பானில், மலைக்கு நடுவில், கொத்தமல்லித் தழையைக் கண்ணால் பார்த்திராத ஊரில், பதினெட்டு நாற்காலி போட்ட என் சொந்தக் கடை. கடை வைக்கப் போகிறேன் என்றபோது அங்கே ஒருத்தர்கூட ‘நடக்கும்’ என்று சொல்லவில்லை. ‘நடக்காது’ என்றும் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் அப்படி முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். பல்லுக்கு நடுவே காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து, ‘கொஞ்சம் கஷ்டம்தான்’ என்பார்கள். ஏழு பேர் காற்றை இழுத்த இடத்தில்தான் நான் கடையைத் திறந்தேன். இன்றைக்கு அந்த ஏழு பேரும் செவ்வாய்க்கிழமையானால் பிரியாணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிறகு என் மகள் மீனா. ஏழு வயதில் ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் வந்து இறங்கினவளை, அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் சுற்றுலாப் பிரிவு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.

கடைசியாக ஒன்று. ஜப்பானில் ராசாக்கள் பல்லக்கில் போன பழைய நெடுஞ்சாலை ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போகிறது. அதில் சரிந்துபோன ஒரு சரிவை நிமிர்த்திக் கொடுத்தது நான். அங்கே நிற்கிற ஒரு கல்லைக் கும்பிட வைத்ததும் நான். அதைச் சொல்லத்தான் இம்புட்டும் எழுதுகிறேன்.

இதுவரைக்கும் எழுதும்போது என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ரோட்டுல பாதிய நீங்களா போட்டீக? கேங்குல நாப்பது பேரு இருந்தாகள்ல?”

“நாப்பது பேரு பேரையும் எழுதுனா மலர்ல எடம் பத்தாது.”

“ஆனையூரு அடுப்புக்கு மண்ணு மிதிச்சது நானு. பிள்ளைய வளத்தது நானு. அதெல்லாம் எங்க காணோம்?”

“வரும், வரும். போயி டீயப் போடு.”

2

சங்கதி எப்படி ஆரம்பித்தது என்றால், போன மாதம் ஒரு மத்தியானம், ஒசாக்காவிலிருந்து நடக்க வந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கடைக்குள் நுழைந்தார்கள். பழைய நெடுஞ்சாலையில் நடப்பது இப்போது ஒரு பொழுதுபோக்கு. முதுகில் பை, கையில் கம்பு, பையில் கரடியை விரட்டுகிற மணி. வந்த புதிதில் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு, ஆட்டு மந்தை வருகிறது என்று வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

அந்தம்மா விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. கை துடைக்க ஈரத் துண்டு கொடுத்துக்கொண்டே, “என்னம்மா இது?” என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன்.

“ஓ, நீங்கள் வெளிநாட்டுக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்காது” என்று அன்பாக ஆரம்பித்தாள். “மேலே மரத்து மேட்டடியில் ஒரு கல் இருக்கிறது. இந்தச் சாலையில் போகிறவர்கள் அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புப் பொட்டு வைத்துக் கும்பிட்டால் போகிற இடத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேரலாம். ரொம்பப் பழைய வழக்கம். சாமுராய் காலத்து வழக்கம்.”

“அப்படியா?”

“புதுசாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கையை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும்” என்று ரெண்டு கையையும் கூப்பி எனக்குக் காட்டினாள். எனக்கு! புருஷன்காரன் பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்கு நேராக” என்று திருத்தம் வேறு சொன்னான்.

அந்தக் கல்லுக்கு முதன்முதலில் மஞ்சள் பூசினது எந்தச் சாமுராயும் இல்லை. எழுமலை வீரணன்.

3

அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேர் நக்கசெந்தோ. மலைகளுக்கு நடுவே போகிற வழி என்று அர்த்தம். இன்றைக்கு டோக்கியோ என்கிறோமே, அதற்கு அப்போது எடோ என்று பேர். அங்கிருந்து கியோத்தோ வரைக்கும் போகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்துக்குக் கொஞ்சம் கூட. கடல் ஓரமாக இன்னொரு பெரிய ரோடும் இருந்தது. அதில் ஆறுகள் குறுக்கே வரும், வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் கரையிலேயே உட்கார வேண்டியதுதான். இதில் ஆற்றுத் தொல்லை கம்மி, ஆனால் முழங்கால் தேயும். வழியில் அறுபத்தொன்பது தங்கல் ஊர்கள். அதில் ஒன்றுதான் நான் இருக்கிற ஊர். ஊர்ப் பேரை எழுதக் கூடாது என்று மீனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று பின்னால் தெரியும்.

நாலு கிலோமீட்டருக்கு ஒரு தரம் ரோட்டின் ரெண்டு பக்கமும் மண்ணைக் குவித்து மேடாக்கி, மேலே மரம் நட்டிருக்கிறார்கள். நடக்கிறவனுக்குத் தூரமும் தெரியும், நிழலும் கிடைக்கும். நம்ம பக்கமும் ஒரு ராணி சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினாள். இப்போது நாம் மரத்தையெல்லாம் வெட்டி நாலு வழிச் சாலையாக்கி, சுங்கச் சாவடியில் நிழலுக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம்.

இந்த ரோட்டில் சிற்றரசர்கள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் தலைநகரத்துக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும். பொண்டாட்டி பிள்ளைகளை அங்கேயே விட்டு வைக்க வேண்டும், ஊருக்குத் திரும்பினதும் துள்ளக் கூடாது என்பதற்காக. பல்லக்கு, ஈட்டி, குதிரை என்று நூற்றுக்கணக்கில் ஆட்கள் போவார்கள். சாதாரண சனம் ஓரமாக மண்டி போட வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒகாவா. எண்பத்திரண்டு வயது, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பழஞ்சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். சொல்லிவிட்டு நான் ஆச்சரியப்படுவேன் என்று முகத்தைப் பார்த்தார். மந்திரி கார் வருகிறது என்று திருமங்கலம் விலக்கில் ஒரு மணி நேரம் வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்தவனுக்கு இதில் என்ன ஆச்சரியம்? நம்மை மண்டி போடச் சொல்லவில்லை, அம்புட்டுதான் வித்தியாசம்.

நடுநடுவே காவல் சாவடிகள். துப்பாக்கி தலைநகரத்துக்குள் போகிறதா, அரசர்களின் பெண்டுகள் வெளியே தப்புகிறார்களா என்று சோதிப்பார்கள். கையில் சீட்டு இல்லாதவன் தாண்ட முடியாது. அவர் இதைச் சொன்ன அன்றைக்குக் காலையில்தான் நான் விசா நீட்டிக்கப் போய், ஒரு தாளில் முத்திரை சாய்ந்து விழுந்திருக்கிறது என்று திரும்பி வந்திருந்தேன். “சாவடி இன்னும் இருக்கிறது ஒகாவா-சான். இடம்தான் மாறியிருக்கிறது” என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

அரசர்கள் தங்கின பெரிய சத்திரம் இப்போது காட்சிசாலை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ஏடுகளை விரித்து வைத்திருக்கிறார்கள். எந்த அரசர் எந்த நாளில் வந்தார், எந்த மீனைச் சாப்பிட்டார், எந்த அறையில் தூங்கினார் எல்லாம் இருக்கிறது. கல்யாணம் கட்டிக்கொள்ளப் போன ஒரு இளவரசி ஆயிரக்கணக்கான ஆட்களோடு இந்த வழியாகப் போனதற்கு எழுத்து இருக்கிறது.

“இந்த ரோட்டுக்குக் கல் போட்டவன் பேர் எந்த ஏட்டில் இருக்கிறது?” என்று கேட்டேன்.

ஒகாவா பல்லுக்கு நடுவே காற்றை இழுத்தார். “சுற்றுக் கிராமத்து ஆட்களைக் கட்டாயமாகக் கூட்டி வந்து செய்ய வைத்திருப்பார்கள். பேர் எழுதியிருக்க மாட்டார்கள்.”

எழுமலை ரோட்டிலும் அதே கதைதான். திறப்பு விழாக் கல்லில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கினவர், முன்னிலை வகித்தவர் என்று பதினாலு பேர். அந்தப் பதினாலு பேரில் ஒருத்தர் செருப்பிலும் தார் ஒட்டினது கிடையாது.

ரயிலும் புது ரோடும் வேறு பக்கமாகப் போனதும் இந்த ஊர்கள் தூங்கிப் போய்விட்டன. பிறகு அந்தத் தூக்கத்தையே பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஊர் முழித்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி நடிக்கத் தொடங்கியது. கரண்டுக் கம்பியை மறைத்தார்கள். குளிர்பானம் விற்கிற பெட்டிக்கு மரப்பலகை அடித்துச் சாமுராய் காலத்துப் பெட்டி ஆக்கினார்கள். என் கடைக்கும் மரச்சட்டம் அடிக்கச் சொல்லி ஆள் வந்தார்கள். அடித்தேன். சாமுராய் காலத்துப் புரோட்டாக் கடை ஜப்பான் முழுக்கத் தேடினாலும் இது ஒன்றுதான்.

4

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழை. எங்கள் ஊருக்கு மேலே கல் பாவின சரிவில் பாதி கீழே வந்துவிட்டது. ஒகாவாவின் குழு வந்தது. பழைய படங்களைப் பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்புக்கட்டியில் நம்பர் எழுதி, எது எங்கே இருந்ததோ அங்கேயே அதை வைத்தார்கள். நம்பர் தவறவே இல்லை. அடுத்த மழையில் அம்புட்டும் வரிசை தவறாமல் மறுபடி கீழே வந்தது.

அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனவன், நின்று பார்த்தேன். கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். நீளப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி, பாய் விரித்தாற்போல, பார்க்க அழகாக. நம்ம பக்கம் கண்மாய்க் கரையில் கல் பதிக்கிறவன் அப்படி வைக்க மாட்டான். கல்லின் வால் மண்ணுக்குள் போக வேண்டும், முகம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். தண்ணீர் வடிய நாலு இடத்தில் சாய்வாக வழி விட வேண்டும். ஒரு கல்லைப் பிடுங்கித் திருப்பி வைத்துக் காட்டினேன். குழு முழுக்கக் காற்றை இழுத்தது.

ஒகாவா மட்டும் பேசாமல் மேலே போய், சரியாமல் நின்ற பழைய பகுதியில் ஒரு கல்லின் ஓரத்தை மெல்லத் தோண்டிப் பார்த்தார். வால் உள்ளே, முகம் வெளியே. பேர் எழுதப்படாத எவனோ ஒருத்தன் என் முறையை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான். திறமைசாலி, ஒத்துக்கொள்கிறேன்.

கடை விடுமுறையான புதன்கிழமைகளில் போய்ப் போய் வேலையை முடித்துக் கொடுத்தேன். அந்தச் சரிவு அதற்கப்புறம் ஒரு கல் அசையவில்லை. யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முடித்த வாரம் ஆயுத பூஜை. ரோட்டு வேலைக்காரனுக்கு மண்வெட்டி, கடப்பாரையோடு மைல்கல்லும் பூஜைக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கழுவி, வெள்ளையடித்து, எழுத்தை மறுபடி எழுதி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் இலையில் பொரிகடலை வைப்போம். ‘எழுமலை 4’ என்று எழுதின கல் அன்றைக்கு ஒரு நாள் சாமி. டவுன் பஸ் டிரைவர் நிறுத்தி, கையை நீட்டி, “அண்ணே, விபூதி குடுங்கண்ணே” என்று வாங்கிப் பூசிக்கொண்டு போவார். வேலை முடித்த ரோட்டை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு ஒப்பவில்லை. சரிவுக்கு மேலே, அந்த மரத்து மேட்டடியில் தூரம் எழுதின சின்னக் கல் ஒன்று நிற்கும். பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒகாவாவும் குழுக்காரர்கள் சிலரும் முடிந்த வேலையைப் பார்க்க வந்திருந்தார்கள். மஞ்சள் அவள் டப்பாவில் இருந்தது. பனிமேல் வெள்ளைக் கோலம் தெரியாது என்று மஞ்சளில் கோலம் போடுகிறவள், அவளிடம் எப்போதும் மஞ்சள் இருக்கும்.

பூசினோம், பொட்டு வைத்தோம், கும்பிட்டோம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டுமே என்று அங்கே கிடைக்கிற பச்சைப் பூசணியைக் கொண்டுபோயிருந்தேன். ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. இன்னொரு தரம் போட்டேன், சரிவில் உருண்டு போய்க் குழுக்காரர் ஒருத்தர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்து, ரெண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு.

“இது என்ன?” என்று ஒகாவா கேட்டார்.

“ரோடு போட்டவன் ரோட்டுக்குச் சொல்கிற வணக்கம்.”

அவர் ரெண்டு தரம் கையைத் தட்டிக் குனிந்தார். அவர்கள் கோவிலில் அப்படித்தான். பிறகு தானும் கொஞ்சம் மஞ்சளை எடுத்துக் கல்லில் பூசினார். அதிலிருந்து வருஷா வருஷம் நடக்கிறது. பேச்சியம்மாள் ஒரு மரப்பெட்டியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, பனிக்காலம் போக, வாரா வாரம் நிரப்புகிறாள். நடக்கிறவர்கள் பார்த்தார்கள், தாங்களும் பூசினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

5

ஒசாக்கா அம்மா எனக்குக் கும்பிடச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கே கடையைப் பேச்சியம்மாளிடம் விட்டுவிட்டு மேலே ஏறினேன். பலகை, குட்டிக் கூரையெல்லாம் போட்டு, பளபளவென்று நின்றது. ஜப்பான் பேச்சு எனக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்துத்தான் வராது. ஒகாவாவுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வாசித்தார்.

‘வழிக் கற்களுக்கு மஞ்சள் பூசி வணங்குவது சாலையில் உழைப்பவர்களிடம் பழங்காலம் தொட்டு வரும் வழக்கம். நடப்பவர்கள் இங்கே தங்கள் பயணம் நலமாக அமைய வேண்டிக்கொள்கிறார்கள்.’

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“பேர்?”

காற்றை இழுத்தார்.

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டி நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். சுற்றுலாப் பிரிவுத் தலைவர் மோரி என்பவர் எழுந்து குனிந்தார். பக்கத்தில் என் மகள். அலுவலகத்தில் அவள் என்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள். “வீரணன்-சாமா, உட்காருங்கள்” என்றாள். பேரோடு சான் சேர்ப்பது சாதாரண மரியாதை, சாமா என்பது ரொம்பப் பெரிய மரியாதை. பெற்ற பிள்ளை வாயில் அதைக் கேட்டு நானும் பதிலுக்குக் குனிந்துவிட்டேன்.

பலகையில் தப்பு இருக்கிறது என்றேன். மோரிக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஏனென்றால் அதற்கு ஒரு விண்ணப்பம் இருந்தது. ரெண்டு கையாலும் நீட்டி, வரி வரியாக வாசித்தும் காட்டினார். பேர், விலாசம், அங்கே கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் குத்துகிற சொந்த முத்திரை, தவறின் தன்மை, ஆதாரம். ‘சம்பவம் நடந்த காலம்’ என்று ஒரு வரிசை, அதில் டிக் அடிக்க அஞ்சு பெட்டி. எல்லாம் ராசாக்கள் காலம். நான் பூசின வருஷத்துக்குப் பெட்டி இல்லை.

“ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு எதில் டிக் அடிப்பது?”

“அது வரலாறு ஆகாது” என்றார் மோரி, ரொம்ப வருத்தமாக.

எனக்குத் தமிழ் வந்துவிட்டது. “யோவ், அந்த மஞ்ச என் வீட்டு மஞ்சய்யா! அந்தக் கல்லக் கழுவுனவன் நானு! சாமுராயி வந்தா கழுவுனான்?”

மோரி மீனாவைப் பார்த்தார். மீனா நிதானமாக, “பலகை மிக அழகாக இருக்கிறது, ஊருக்குப் பெருமை என்கிறார்” என்று ஜப்பான் பாஷையில் சொன்னாள்.

எனக்கு அந்தப் பாஷை தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்தாள். எழுமலையில் எவன் மிதித்தும் வாயை மூடாத ஆள் நான். மூடிக்கொண்டேன். மோரி ரெண்டு தரம் நன்றி சொல்லி, விண்ணப்பத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

6

சாயங்காலம் அஞ்சரைக்கு மீனா நேரே கடைக்கு வந்தாள். இந்த இடத்தில் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் பேசும்போதுகூடக் குனிந்து வணங்குவாள். கோபம் வந்தாலும் முதலில் ‘மன்னிக்கணும்’ என்று சொல்லிவிட்டுத்தான் கோபப்படுவாள். இவள் முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டாள், நமக்கு இனிமேல் இல்லை என்று நானும் பேச்சியம்மாளும் பல தரம் பேசியிருக்கிறோம்.

“மன்னிக்கணும்ப்பா” என்று ஆரம்பித்தாள். “அந்தப் பலகையில இருக்க ரெண்டு வரிய எழுதுனது யாருன்னு நெனைக்கிறீங்க?”

“எவனோ படிச்ச கிறுக்கன்.”

“நான்தான்.”

வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் திரும்பினாள்.

“போன வசந்தத்துல ஒரு புகார் வந்துச்சுப்பா. பழைய கல்லுல யாரோ மஞ்சப்பொடி தடவுறாங்கன்னு. விதி என்னன்னா, யாராச்சும் புதுசா எதையாச்சும் பூசியிருந்தா அதக் கழுவி, சுத்தி வேலி போட்டு, தொடக் கூடாதுன்னு எழுதி வைக்கணும். பூசுனது யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டு விசாரிக்கணும். பழைய வழக்கமா இருந்தா, பாதுகாக்கணும். மோரி-சான் என்கிட்ட, இது புதுசா பழசான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பழசுன்னு சொன்னேன்.”

“பொய்யா சொன்ன?”

“எது பொய்யி? ரோட்டு வேலை பாக்குறவங்க கல்லுக்கு மஞ்ச பூசுறது பழைய வழக்கமா இல்லையா? உங்களுக்கு முன்னாடி உங்க கேங்குல பூசலையா? அதத்தான் எழுதுனேன். எந்த ரோட்டுலன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.”

அசந்து போனேன். உசிலம்பட்டி கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கிற வக்கீல்கூட இப்படிப் பேச மாட்டான். அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்த பிள்ளை, நம்ம பக்கத்து மூளையை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே குனிகிற பழக்கத்தை மட்டும் போர்த்தியிருக்கிறாள்.

“அப்ப என் பேர எழுதச் சொன்னா?”

“புது வேலைன்னு ஆயிரும். ப்ரஷ் போட்டுக் கழுவிருவாங்க. நான் எழுதுனது என்னாச்சுன்னு கேப்பாங்க. என் வேலைய வருஷா வருஷம் ஏப்ரல்லதான் நீட்டிக்கிறாங்க, அது நீளாது. ஆனா நீங்க அதப் பாக்க வேணாம்ப்பா. உங்க பேரு, உங்க உரிமை. முத்திரை குத்திக் குடுங்க, நானே கொண்டுபோயி வச்சிர்றேன். மாசக் கடைசிக்குள்ள.”

பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள். “இந்தா பாருங்க. பேரு வேணுமா, கல்லுல மஞ்ச இருக்கணுமா? ஒண்ணச் சொல்லுங்க. வெங்காயம் கருகுது.”

ஒன்பது நாள் அந்த விண்ணப்பம் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீனா ஒரு தரம்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். ஒரு நாள் இழுப்பறையில் முத்திரையைக் கை தேடினது. அகப்படவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

ஒன்பதாம் நாள் மேலே போனேன். ஒகாவா கல்லுக்கு முன்னால் குந்தி, மஞ்சளைத் தடவி, மிச்சத்தைத் தன் முழங்காலிலும் தடவிக்கொண்டிருந்தார்.

“பேர் இல்லையே என்று வருத்தமா?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். “எனக்கும் வருத்தம்தான்” என்றார். “இருபது வருஷமாகக் குழுவுக்குத் தலைவர் நான். என் பேரும் இல்லை.” அப்புறம் ரெண்டு பேரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, அரை மணி நேரம், அவரவர் பாஷையில் அதைத் திட்டினோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. அந்த நேரத்தில் கரடி மணியைக் குலுக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், பூசினார்கள், கும்பிட்டார்கள். எங்களைப் பார்த்து, கொஞ்சம் ஒதுங்கி நிற்க முடியுமா, படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஒதுங்கி நின்றோம்.

கடைக்குத் திரும்பி, விண்ணப்பத்தை நாலாக மடித்து, ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த சன்னலோர மேசையின் காலுக்கடியில் வைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. மீனா வந்ததும் அந்த மேசையில்தான் உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள். “மன்னிக்கணும்ப்பா” என்றாள். இந்தத் தரம் அதற்குப் பின்னால் கோபம் எதுவும் வரவில்லை. ரெண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டாள்.

7

இதோடு வீரணன் அடங்கிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அங்கேதான் என் பேரைப் போட முடியாது. இங்கே போடலாம். எங்கள் ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூணே பேர், அந்த மூணு பேரும் என் வீட்டில் இருக்கிறோம். அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை: ஜப்பானின் பழைய ராச பாட்டையில் மைல்கல்லுக்கு மஞ்சள் பூசுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தது எழுமலை வீரணன் என்று மலரில் பெரிய எழுத்தில் போட வேண்டும். கல்லோடு நான் நிற்கிற படம் அரைப் பக்கத்துக்கு வர வேண்டும், குழுப்படத்தில் கடைசி வரிசையில் தலை மட்டும் தெரிகிற மாதிரி இல்லை. வருகிற ஆயுத பூஜைக்கு நம்ம ரோட்டுக் கல்லுக்கு மஞ்சள் பூசுகிறவர்களிடம், உங்கள் கைவேலை எந்த நாடு வரைக்கும் போயிருக்கிறது என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். சொல்லும்போது யார் கொண்டுபோனது என்பதை விட்டுவிடக் கூடாது.

ஆரம்பத்தில் நான் கட்டினதையெல்லாம் சொன்னேனே, அதில் கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவும். ஒரு விண்ணப்பத்தில் முத்திரை குத்தாமல் இருந்தது. தார் ஊற்றினதைவிட, ஏழு பேர் காற்றை இழுத்த இடத்தில் கடை திறந்ததைவிட, அதுதான் கஷ்டமான வேலை. அதையும் ஒத்தை ஆளாகச் செய்தேன்.

“ஒத்தை ஆளாவா?” தோளுக்குப் பின்னால் பேச்சியம்மாள். “முத்திரைய அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சது யாரு?”

சரி. அவள் பேரையும் போடவும். பேச்சியம்மாள். எழுத்து என் பேருக்குப் போடுகிற அதே அளவில்.